வேலை தேடாதவரைத் தேடிப் பிடித்தல்: யாழ்ப்பாணத்தில் ஆட்சேர்ப்புப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்துக்கு முகாமையாளர் ஒருவர் தேவைப்பட்டால் வழமையாக நடப்பது இதுதான். உதயன், வலம்புரி போன்ற நாளேடுகளில் விளம்பரம் வரும், அதே விளம்பரம் படமாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், இரண்டு வாரத்துக்குள் மேசையில் சுயவிபரக் கோவைகள் குவியும். அவற்றுள் பெரும்பாலானவை அந்தப் பதவிக்குப் பொருந்தாதவை. பொருந்தக்கூடியவரோ அந்த விளம்பரத்தைக் கண்டே இருக்கமாட்டார், ஏனெனில் அவர் இப்போது வேறோர் இடத்தில் அதே வேலையைத் திறம்படச் செய்துகொண்டிருக்கிறார்; வேலை தேடும் எண்ணம் அவருக்கு இல்லை.

எழுதுவினைஞர், காசாளர், விற்பனை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு விளம்பரமே போதுமானது. ஆனால் அனுபவமும் பொறுப்பும் வேண்டிய பதவி என்றால், வருகிற விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பது ஆட்சேர்ப்பு ஆகாது. இன்னும் விண்ணப்பிக்காதவரைக் கண்டுபிடிப்பதே வேலை. நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவிலோ சிறிய ஆட்சேர்ப்பு முகவர் நிலையமொன்றிலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக அந்த வேலையின் படிமுறைகளை இங்கே விளக்குகிறேன்.

தொழில் எப்படி இயங்குகிறது

உயர்பதவிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உலகில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகின்றன. ஹைட்ரிக் அன்ட் ஸ்ட்ரகிள்ஸ் 1953இலும் ஸ்பென்சர் ஸ்ருவேட் 1956இலும் சிக்காகோவில் தொடங்கின. ஈகொன் செண்டர் 1964இல் சூரிச்சில் தொடங்கியது. கோர்ன் ஃபெரி 1969இல் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்தது. இவர்கள் முன்பணம் பெற்று வேலை செய்பவர்கள். நியமிக்கப்படுபவரின் முதலாண்டு வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இவர்களின் வழமையான கட்டணம். அது தேடல் தொடங்கும்போது, தெரிந்தெடுத்த சிலரின் பெயர்கள் கொண்ட குறும்பட்டியலைக் கொடுக்கும்போது, நியமனம் முடியும்போது என மூன்று தவணைகளாக அறவிடப்படுவதுண்டு. மற்ற வகையினர் ஆள் வேலையில் சேர்ந்தால் மட்டும் பணம் பெறுபவர்கள். அவர்களின் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 15 முதல் 25 வீதம் வரை இருக்கும்.

இந்த வேறுபாடு கணக்குப்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. ஆள் சேர்ந்தால்தான் பணம் என்ற நிலையில் இருப்பவர், தன் கையில் ஏற்கெனவே உள்ள கோவைகளிலிருந்து நான்கைந்தை விரைவாக அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார், ஏனெனில் அதே பதவிக்கு வேறு முகவர்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள். முன்பணம் பெற்றவருக்கோ அந்தத் துறை முழுவதையும் துழாவிப் பார்க்கும் கடமையும் அதற்கான அவகாசமும் உண்டு. ஓர் உயர்பதவித் தேடல் மூன்று நான்கு மாதங்கள் எடுப்பது இயல்பு. அத்தகைய நிறுவனங்களில் பெயர்களைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளர் ஒருவராகவும், அந்த ஆட்களோடு பேசும் ஆலோசகர் வேறொருவராகவும் இருப்பார்கள். நம்மிடத்தில் இரண்டும் ஒருவர் தலையில்தான் விழும். ஆகவே இரண்டையும் தனித்தனி வேலைகளாக எண்ணி, ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

முதற்படி: பதவியை விளங்கிக்கொள்ளுதல்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வடக்குக் கடலில் பிடிபடும் நீலக்கால் நண்டை அவித்து, சதை பிரித்து, தகரத்தில் அடைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குத் தர முகாமையாளர் தேவைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரிடம் தேவையைக் கேட்டால், "விஞ்ஞானப் பட்டம், ஐந்து வருட அனுபவம், நல்ல இங்கிலிஷ், கொம்பியூற்றர் தெரிஞ்சிருக்க வேணும்" என்பார். இதை வைத்துக்கொண்டு எவரையும் தேட முடியாது. குடாநாட்டில் பாதிப்பேர் இந்த வரையறைக்குள் அடங்கிவிடுவார்கள்.

அவரோடு ஆறுதலாக இருந்து வேறு கேள்விகளைக் கேளுங்கள். சேர்ந்து ஓராண்டு முடியும்போது இவர் எதைச் செய்து முடித்திருக்க வேண்டும்? முன்பு இருந்தவர் ஏன் போனார்? இவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே முடியாது? இப்படிக் கேட்ட பிறகு வருகிற விபரம் முற்றிலும் வேறாக இருக்கும்: வெளிநாட்டுக் கொள்வனவாளரின் தணிக்கையை நேரில் நின்று எதிர்கொள்ள வேண்டும், ஹசப் எனப்படும் உணவுப் பாதுகாப்பு முறைமையின் பதிவேடுகளை நாளாந்தம் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், சதை பிரிக்கும் மேசைகளில் இருக்கும் பெண்களிடம் தமிழிலும், கொழும்பில் உள்ள அதிகாரிகளிடம் சிங்களத்திலும் பேசத் தெரிய வேண்டும். பட்டம் விஞ்ஞானமா விவசாயமா என்பது இங்கே இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

சம்பள எல்லையையும் இந்தச் சந்திப்பிலேயே எழுத்தில் பெற்றுவிடுங்கள். "ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலோடு எழுந்து வந்தீர்களானால், நான்கு வாரம் உழைத்துக் கண்டுபிடித்த ஆளைக் கடைசி நாளில் இழப்பீர்கள்.

இரண்டாம் படி: வரைபடம் போடுதல்

இனி ஆட்களைத் தேட வேண்டாம். அந்த ஆட்கள் இப்போது இருக்கக்கூடிய இடங்களைத் தேடுங்கள். இந்த வேலையின் சாரமே இதுதான் என்பது என் கருத்து. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான்.

நமது உதாரணத்தில் இடங்களின் பட்டியல் எங்கிருந்து வரும்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடலுணவு அனுப்ப அனுமதி பெற்ற தொழிற்சாலைகளின் பட்டியலை ஐரோப்பிய ஆணையம் நாடுவாரியாகத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது; அதில் இலங்கைக்கு உரிய பட்டியலும் உண்டு. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடமும் ஏற்றுமதியாளர் விபரக்கொத்து இருக்கிறது. இவற்றை வைத்து நீர்கொழும்பு, கட்டுநாயக்கப் பக்கம் உள்ள மீன் பதனிடும் ஆலைகள், புத்தளம் மாவட்டத்து இறால் தொழில், மன்னாரிலும் கிளிநொச்சியிலும் உள்ள நண்டு ஆலைகள் என ஓர் அட்டவணை போடலாம். அடுத்து, அதே திறமை வேறு பெயரில் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்: கோழி இறைச்சி, பாலுணவு, தேங்காய் உற்பத்திகள் ஆகியவற்றை ஏற்றுமதித் தரத்தில் செய்யும் ஆலைகளிலும் ஹசப் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பிறகு பயிற்சி கொடுக்கும் இடங்கள்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் விஞ்ஞானத் துறை, ருகுணு பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் பீடம், சமுத்திரப் பல்கலைக்கழகம்.

மென்பொருள் பதவி என்றால் வரைபடம் வேறாகும். அப்போது யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகளின் நிகழ்வுகளும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்தில் படித்து வெளியேறிய அணிகளும், கிற்ஹப் என்ற இணையத்தளத்தில் பகிரங்கமாகக் கிடக்கும் மென்பொருள் நிரல்களும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கணக்காளர் என்றால் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் பரீட்சை முடித்துக் கணக்காய்வு நிறுவனங்களில் பயிலுநராக இருந்தவர்களைப் பின்தொடருங்கள்.

ஆட்சேர்ப்பு முகவர் நிலையத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஓர் எல்லை உண்டு. ஆள் தேடும் வேலையை உங்களிடம் ஒப்படைத்த நிறுவனத்திலிருந்தே பிறகு ஆளைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பெரிய தேடல் நிறுவனங்கள் இதை ஓராண்டு, ஈராண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. யாழ்ப்பாணம் போன்ற சிறிய சந்தையில், எழுதினாலும் எழுதாவிட்டாலும், இதை மீறியவரின் பெயர் கஸ்தூரியார் வீதி முழுவதும் ஒரே வாரத்தில் பரவிவிடும்.

மூன்றாம் படி: பெயர்களைச் சேகரித்தல்

பலர் தங்கள் தொழில் விபரங்களைப் பதிந்து வைக்கும் இணையத்தளமான லிங்ட்இன் 2003இல் தொடங்கப்பட்டது. 2016 முதல் மைக்ரோசொஃப்ற்றின் கையில் இருக்கிறது. பணம் கட்டாத கணக்கில் மாதத்துக்கு ஓர் அளவுக்கு மேல் தேட முடியாதபடி அது தடை போடும். கூகிளின் வழியாக உள்ளே போனால் இந்தத் தடை பெரிதாகப் பாதிக்காது: தேடற்பெட்டியில் சைற் (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் லிங்ட்இன் முகவரியை எழுதி (site:linkedin.com), அதன் பின் உங்கள் தேடற்சொற்களைக் கொடுங்கள்.

தேடற்சொற்களை அமைப்பதற்கு மூன்று விதிகள் போதும். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வரலாம் என்றால் இடையில் OR என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இடுங்கள்; சிறிய எழுத்தில் இட்டால் கூகிள் அதைக் கட்டளையாகக் கொள்ளாது. வேண்டாத சொல்லின் முன் கழித்தற்குறி இடுங்கள். லிங்ட்இன்னுக்குள்ளேயே தேடும்போது கழித்தற்குறிக்குப் பதிலாக NOT என்பதைப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும்.

ஒரே வேலைக்குப் பல பதவிப்பெயர்கள் உண்டு என்பதை மறந்தால் இந்த விதிகள் பயன்படா. நாம் தேடும் தர முகாமையாளர் ஓர் ஆலையில் குவாலிற்றி அஷுவரன்ஸ் மனேஜர், இன்னோர் ஆலையில் குவாலிற்றி கொன்ரோலர், வேறோர் ஆலையில் ஃபூட் சேஃப்ரி ரீம் லீடர். சிறிய ஆலைகளில் உற்பத்தி முகாமையாளரே இந்தப் பொறுப்பையும் சுமப்பார். ஆகவே முதலில் கண்டுபிடித்த இரண்டு மூன்று பேரின் பக்கங்களைப் படித்து, அவர்கள் தங்கள் வேலையை எந்தச் சொற்களால் விபரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தச் சொற்களை வைத்து மீண்டும் தேடுங்கள்.

நம் பெயர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தகப்பன் பெயரை முன்னும் சொந்தப் பெயரை பின்னும் எழுதும் நமது வழக்கம், முதற்பெயர் குடும்பப்பெயர் என்று கேட்கும் இணையப் படிவங்களில் தலைகீழாகப் பதிவாகிவிடும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்காள் மாறும். ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு இணையத்தில் காணவில்லை என்றால், பெயரை மாற்றிப் போட்டும், எழுத்துகளை மாற்றியும் பார்த்த பிறகே கைவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பின்னும், வடக்கில் நீங்கள் தேடுபவர்களுள் கணிசமானோர் லிங்ட்இன் பக்கமே போகாதவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்கத் தொலைபேசியைத்தான் எடுக்க வேண்டும்.

நான்காம் படி: கேட்டு அறிதல்

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்றவர்கள் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே. பெரும்பாலானோர் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர் என்றார்கள். காரணம் எளியது. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கமுள்ளவரோ நாம் போகாத இடங்களில் புழங்குகிறார்.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய தூரத்துப் பழக்கங்களுக்குக் குறைவில்லை. பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் உண்டு. ஊர் ஒன்றியங்களுக்கு வட்ஸ்அப் குழுக்கள் உண்டு. ஓய்வுபெற்ற விரிவுரையாளர்களுக்குத் தங்கள் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது மனப்பாடம். ஆனால் கேட்கும் முறை முக்கியம். குழுவில் விளம்பரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொருவராக அழைத்து, "சேர், கடலுணவு ஆலைகளில் தரப் பிரிவில் இருந்தவர்களில் தணிக்கைக்குப் பயப்படாத ஆள் என்று நீங்கள் யாரைச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "யாராவது வேலை தேடுகினமோ?" என்று கேட்டால் அவருடைய மருமகனின் கோவைதான் வந்து சேரும். இரண்டு மூன்று வேறு வேறு வாய்களிலிருந்து ஒரே பெயர் வந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

உயர்பதவித் தேடலில் ஈடுபடும் சிலர், பொய்யான பெயரில் ஓர் ஆலையை அழைத்து, மாணவர் என்றோ விநியோகத்தர் என்றோ சொல்லி உள்ளே இருப்பவர்களின் பெயர்களைக் கறப்பதுண்டு. அதைச் செய்யாதீர்கள். நீங்கள் யார் என்று சொன்னாலும் பெயர் கிடைக்கும், சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெயர் வந்தவுடன் "அவர் எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்பது இங்கே பழக்கம், அந்தக் கேள்விக்குள் சாதி ஒளிந்திருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பெயர் சொன்னவர் இந்தத் தகவலைத் தானாகச் சொன்னாலும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். உரிமையாளர் கேட்டால், வேலைக்குத் தேவையான விபரங்கள் மட்டுமே எம்மிடம் உள்ளன என்று சொல்லிவிடுங்கள். ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் ஒரு மாகாணத்தில், வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பாதிப் பட்டியலைக் கிழித்துவிட்டு மிச்சத்தில் தேடுவது அநியாயமும் முட்டாள்தனமும் ஆகும்.

ஐந்தாம் படி: அணுகுதல்

சேகரித்த பெயர்களிலிருந்து இருபது முப்பது பேரின் நெடும்பட்டியல் ஒன்றைத் தயாரித்த பிறகே எவரையும் அணுகத் தொடங்குங்கள். முதற்செய்தி குறுகியதாக இருக்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலுக்கோ அலுவலகத் தொலைபேசிக்கோ போகக் கூடாது. பின்வருவது போன்ற ஒன்று போதும்:

"வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் ஆட்சேர்ப்புப் பணி செய்கிறேன். வடக்கில் கடலுணவு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று தன் தரப் பிரிவுக்குப் பொறுப்பானவரைத் தேடுகிறது. உங்கள் அனுபவம் அதற்கு நெருக்கமானது என்று தெரிந்ததால் எழுதுகிறேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு பத்து நிமிடம் பேச முடியுமா? உங்களுக்கு விருப்பமில்லை என்றாலும், நான் பேச வேண்டியவர் என்று நீங்கள் கருதும் ஒருவரின் பெயரைச் சொன்னால் உதவியாக இருக்கும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுப்பவர் தரும் பெயர்தான் பல தடவை வேலைக்கு ஆகும் பெயர். நிறுவனத்தின் பெயரை ஆள் அக்கறை காட்டிய பிறகு, உரிமையாளரின் அனுமதியோடு சொல்லுங்கள்.

பேசும்போது சம்பளத்தை விடப் பெரிய கேள்வி ஒன்று யாழ்ப்பாணப் பதவிகளுக்கு உண்டு: இந்த ஆள் இங்கே வந்து இருக்க முடியுமா? நீர்கொழும்பில் வேலை செய்யும் ஒருவருக்கு ஊரில் வயதான பெற்றோர் இருப்பது வருவதற்குக் காரணமாகலாம். ஆனால் மனைவியோ கணவரோ அரசாங்க ஆசிரியராக இருந்தால், அவருடைய இடமாற்றம் கிடைக்காமல் இவர் அசையமாட்டார். பிள்ளை புலமைப்பரிசில் வகுப்பில் இருந்தால் அந்த ஆண்டு முடியும் வரை பேச்சே இல்லை. இவற்றை விசாரணை போலக் கேட்காமல், "வருவதென்றால் எதையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும்?" என்று கேட்டால் அவரே சொல்வார். பெண்களிடம் மட்டும் குடும்பத்தைப் பற்றிக் கேட்டு ஆண்களிடம் கேட்காமல் விடுவது தவறு. ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள்.

ஆறாம் படி: தெரிந்தெடுத்தல்

குறும்பட்டியலில் மூன்று முதல் ஐந்து பேர் இருந்தால் போதும். அவர்களை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும்போது எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே புள்ளித்திட்டம் என்று முன்கூட்டியே எழுதிவைத்து நடத்துங்கள். உத்தியோகத்தர் தெரிவு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை 2022இல் உளவியலாளர் சக்கெற்றும் அவருடைய சகாக்களும் மீளக் கணக்கிட்டபோது, இவ்வாறு கட்டமைத்து நடத்தப்படும் நேர்முகமே பிற்கால வேலைத்திறனை மற்ற முறைகளை விட நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது என்று கண்டார்கள். அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை அந்த வரிசையில் மிகவும் கீழே கிடக்கிறது. "ஐந்து வருட அனுபவம்" என்று பிடிவாதம் பிடிக்கும் உரிமையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்விகள் நடந்ததைப் பற்றியனவாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீன் இறக்குமதிக்குத் தடை விதித்து, 2016 நடுப்பகுதியில் அதை நீக்கியது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதே காரணம். அந்தக் காலத்தில் இத்துறையில் இருந்த ஒருவரிடம், பிடிபட்ட இடத்திலிருந்து பெட்டி வரை ஒரு தொகுதியின் ஆவணத் தொடரை எப்படி நிறுவினீர்கள் என்று கேளுங்கள். செய்தவர் படகுப் பதிவு, இறங்குதுறை, தொகுதி இலக்கம் என்று தாளில் வரைந்தே காட்டுவார். செய்யாதவர் "நாங்கள் எல்லாம் முறையாகச் செய்தோம்" என்பார். இளையவர் என்றால், பிழைகள் உள்ள ஒரு வெப்பநிலைப் பதிவேட்டைக் கொடுத்து, என்ன கவனிக்கிறீர்கள் என்று கேட்கலாம்.

பரிந்துரைப்போரிடம் விசாரிப்பதற்கு ஆளின் அனுமதி வேண்டும். தற்போதைய தொழில்தருநரை நியமனம் உறுதியாகும் முன் அழைக்கவே கூடாது. ஒரு தொலைபேசி அழைப்பால் ஒருவர் இருக்கிற வேலையையும் இழக்கலாம்.

ஏழாம் படி: சேரும் வரை

சம்பளம் பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாமல் கூறுகளாகப் பிரித்துக் காட்டுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதமும் செலுத்த வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் பயணக் கொடுப்பனவை ஏற்றிக் காட்டும் சலுகையை அனுபவமுள்ளவர் உடனே இனங்கண்டுகொள்வார்.

பதவி விலகல் கடிதம் கொடுத்தவுடன் பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும். அது வரும் என்று ஆளிடம் முன்பே சொல்லி, வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு வையுங்கள். கடிதம் கொடுத்த நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையே வாரம் ஒருமுறையாவது பேசுங்கள். அரச நியமனப் பட்டியலிலோ வெளிநாட்டு விசா வரிசையிலோ பெயர் இருக்கிறதா என்பதும் இந்தப் பேச்சுகளில்தான் வெளிவரும். ஆகையால் குறும்பட்டியலின் இரண்டாம் ஆளுக்கு "இல்லை" என்று சொல்ல அவசரப்படாதீர்கள், அதேவேளை அவரைப் பொய்யாகக் காத்திருக்கவும் வைக்காதீர்கள்.

பணமும் பதிவேடும்

வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்காதீர்கள். தனியார் முகவர் நிலையங்கள் தொழிலாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் அறவிடக் கூடாது என்பதே சர்வதேசத் தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் இலக்கச் சமவாயத்தின் பொது விதி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது வேறு தொழில். அதற்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும்.

சுயவிபரக் கோவையில் அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். அதை அப்படியே வட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகாவது இது நிற்க வேண்டும். பெயர், தொடர்பு, பேசிய திகதி, அவர் சொன்ன பதில், அடுத்து எப்போது பேசுவது என ஐந்து நிரல்கள் கொண்ட ஓர் எக்செல் தாளைக் கடவுச்சொல்லோடு வைத்திருங்கள். தெரிவாகாதவர்களுக்கு முடிவை ஒரு வாரத்துக்குள் தொலைபேசியில் சொல்லி, அந்தத் தாளின் கடைசி நிரலில் அவர்களை மீண்டும் அழைக்க வேண்டிய மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.